பேரன் வாயில் காப்பரிசி வேண்டாம்

நாணல்வெளி,
21-1-86.

பிலாயில் இருக்கும் அன்பு மகள் மங்களாம்பிகைக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிருக்கு ஈடுகொடுத்து, சளி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குத் தெம்பு. இங்கே நான் சுகம், பசு சுகம், கன்று என்னைவிடச் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் அவள் இங்கே இல்லை. பூதலூரில் குஞ்சிதபாதம் மாமா வீட்டில் இருக்கிறாள், போய் இன்றோடு பன்னிரண்டு நாள், பொங்கலுக்குக்கூட வரவில்லை. அந்தப் பேரைப் பார்த்ததும் நீ கடிதத்தைக் கசக்கத்தான் பார்ப்பாய். கசக்காதே அம்மா, அவள் ஏன் போனாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்லாண்டு லெட்டர் என்றால் இடம் போதவில்லை என்று சாக்குச் சொல்லி முக்கியமானதை விட்டுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். அதனால் கவர் வாங்கிவந்து முழு நீளத் தாளாக எட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவனுக்கு வகுப்புக்கு ஒரு தாள். சமையல் நானேதான். முதல் நாள் வைத்த ரசத்தைக் கழுநீரோடு பசுவுக்கு ஊற்றினேன், அது முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில் உன் அம்மா வைத்த சாம்பாரை நான் அப்படித்தான் பார்த்தேன், அதற்கு இப்போது அனுபவிக்கிறேன். அறுவடை பாதி ஆகியிருக்கிறது, வடக்குப் பங்கில் கடைசித் தண்ணீர் ஏறாமல் பாதி பதர், தெற்குப் பங்கு பரவாயில்லை. ஈரம் காயும் முன் உளுந்து தெளித்துவிட்டேன்.

உன் கடிதம் மார்கழிக் கடைசியில் வந்தது. மாசி பத்தாம் தேதி பேரனுக்குக் காதுகுத்து என்றும், உன் மாமியார் பொங்கல் கழிந்ததும் இங்கேயிருந்து கிளம்பி வரப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய், படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா கையால் காப்பரிசி செய்து, வெல்லமும் பொட்டுக்கடலையும் தேங்காய்ச் சில்லும் தாராளமாகப் போட்டு, உன் மாமியாரிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். தம்பி இருந்திருந்தால் அவன் மடியில் உட்காரவைத்துக் குத்தியிருக்கலாம், இப்போது யார் மடியில் வைப்பது என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே பேனாவை அழுத்தி, தாள் கிழியும்படி இன்னொன்று எழுதியிருந்தாய். தாய்மாமன் முறைக்கு என்று சொல்லிப் பூதலூர் ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள், தம்பியை அடித்துக் கொன்ற கை என் பிள்ளையைத் தொடக் கூடாது என்று. நீ எழுதியதில் தப்பில்லை. உனக்கு ஏழு வயதில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் இருபத்துநாலு வயதில் திருப்பி எழுதியிருக்கிறாய். நாங்கள் என்று எழுதுவதுகூடப் பொய். வாயால் சொல்லாமலே சொல்லிக்கொடுத்தவன் நான். அது உண்மை இல்லை மங்களா. மாமா கொல்லவில்லை. இதை எழுத எனக்குப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது, மேலே எழுதும் முன் எழுந்து போய்க் கன்றை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டு வந்தேன், அதற்கு ஒரு அவசியமும் இல்லை.

எனக்கே இது முழுசாகப் புரிந்தது கார்த்திகை மாதத்தில்தான். நம் ஊர்ப் பால்வாடியில் ஆஸ்பத்திரி நர்சம்மா வந்து தாய்மார்களுக்குக் கூட்டம் போடுகிறார்கள், டீயும் சுண்டலும் உண்டு என்று தண்டோரா போட்டார்கள். தாய்மார் கூட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்காதே, சுண்டலுக்குத்தான் போனேன். ரசியா பேகம் என்று பெயர் அந்த அம்மாவுக்கு, நாகப்பட்டினத்துப் பக்கம், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், குரல் மட்டும் போலீஸ்காரக் குரல். தவிடு அடைத்த துணிப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, குழந்தை தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வீங்க என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உச்சியிலே தட்டுவோம் என்றாள் ஒருத்தி, தண்ணி குடுப்போம் என்றாள் ஒருத்தி, விரலை விட்டு நோண்டி எடுப்போம் என்றாள் காத்தாயி. யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லுவோம் என்று பின்னாலிருந்து நான் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்கவில்லை. பெரியவரே, எந்திரிச்சு முன்னாடி வாங்க, உங்க கைதான் இங்கே இருக்கிறதிலேயே நீளமான கை என்று கூப்பிட்டுப் பொம்மையை என் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். தலை தாழ்ந்து இருக்கணும், தாடையை விரலால தாங்கிக்குங்க, தொண்டையை அமுக்கிடாதீங்க, கையைத் தொடை மேலே ஊன்றிக்குங்க, இப்ப உள்ளங்கையோட அடிப்பாகத்தாலே ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவிலே தட்டுங்க, தடவக் கூடாது, தட்டணும் என்றார்கள். நான் ஒரு தட்டு தட்டினேன். இன்னும் பலமா என்றார்கள். இன்னொன்று தட்டினேன். அப்போதுதான் அந்தப் பொம்மை கிடந்த கிடையும் என் கையும் எனக்கு வேறு ஒருவருடைய மடியாக, வேறு ஒருவருடைய கையாகத் தெரிந்தது. இப்படி அடிச்சா பிள்ளை செத்துடாதாம்மா என்று கேட்டேன். கூட்டத்தில் யாரோ, அதானே என்றார்கள். நர்சம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மூச்சு அடைச்சுக் கிடக்கிற பிள்ளை, இப்படி அடிக்காட்டித்தான் செத்துடும் பெரியவரே என்றார்கள். பொம்மையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுண்டலும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இனி அன்று நடந்தது. தொடக்கம் அறுபத்தொன்பது, தை மாதம். புது ஆட்சி வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, எல்லாம் மாறிவிடும் என்று வேலை செய்கிற ஜனம் ஒரு பக்கம், மாறட்டும் பார்க்கலாம் என்று மிராசுதார்கள் ஒரு பக்கம். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு நம் ஊர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை, அவர்களுக்கு முன்னால் செங்கொடி பிடித்து நின்றவர் உன் குஞ்சிதபாதம் மாமா. நான் மிராசுதாரின் நாலு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தேன், எழுத்து ஒன்றும் கிடையாது, நாளைக்கு வராதே என்றால் நின்றுவிட வேண்டியதுதான். பயந்துபோய் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தேன். வரப்பில் நின்று மாமா ஒரே வார்த்தைதான் சொன்னார், நல்லா அறுங்க மாப்ளே, கழுத்தையும் சேர்த்து அறுங்க என்று. அதோடு பேச்சு நின்றது. இரண்டு மாதம் கழித்து உன் தம்பி ராஜாங்கத்துக்கு, ராசுவுக்கு, பத்தாம் மாதம் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்று உன் அம்மா அழுது, மாமாவும் தங்கைக்காக வந்தார், கூடச் சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளையும் ஆட்களும் வந்தார்கள். பந்தலில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே கைகலப்பு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பயந்தால் எனக்கு என்ன வரும் என்று உனக்குத் தெரியுமே, வேடிக்கைப் பேச்சு வரும். காலையிலிருந்து கோமாளி மாதிரி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். பிள்ளை அழுவதைப் பார்க்கத் தாளாமல் உன் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், நீ கொல்லையில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தாய். அதனால் இனி நான் சொல்லப்போவதில் முதல் பாதியை நீங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ராசுவை மாமா மடியில் வைத்துப் பத்தர் வலது காதைக் குத்தினார், சிணுங்கினான். இடது காதில் ஊசி இறங்கியதும் வீல் என்று கத்தினான், வாய் முழுசாகத் திறந்திருந்தது. எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான், நான் தட்டிலிருந்து காப்பரிசியை அள்ளி அவன் வாயில் போட்டேன். ஒரு பிடி. மேலே இரண்டு கீழே இரண்டு பல் இருக்கிற பிள்ளைக்கு ஊறின அரிசியும் பொட்டுக்கடலையும் தேங்காய்ச் சில்லும் ஒரு பிடி. அழுகிற பிள்ளை அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும் என்று எனக்குத் தெரியாது, இழுக்கும்போது வாயில் இருப்பதும் சேர்ந்து போகும் என்று தெரியாது. அழுகை பட்டென்று நின்றது. அப்பன் கைராசியைப் பாருய்யா என்று கணக்குப்பிள்ளை சொன்னார், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சின்ன விக்கல் மாதிரி வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. புரையேறிடுச்சு போல என்றார்கள். நான் உச்சியில் தட்டி, யாருடா ராசு உன்னை நினைக்கிறது, மிராசுதாரா, மாமன் சங்கமா, ரெண்டு பேரும் ஒரே நேரத்திலே நினைச்சா எப்படிடா, ஒரு உச்சிதானே இருக்கு என்றேன். பந்தலே சிரித்தது மங்களா. இரண்டு பக்கமும் சிரித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு கூட்டமும் சேர்ந்து சிரித்தது என் பேச்சுக்குத்தான் என்று எனக்குத் தலை கால் புரியவில்லை. நிறுத்தியிருக்கலாம். வாயைத் தொறக்க மாட்டேங்கிறான் பாருங்க, அரைப்படி கூலி கூடக் கேட்கிறான் போலிருக்கு என்று இன்னொன்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். இந்த இரண்டு சிரிப்புக்கும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எத்தனையோ தரம் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், வயலில் மாட்டை ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் கை என் சட்டைப் பித்தானைப் பிடித்திருந்தது, பிடி தளர்ந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது.

முதலில் பார்த்தவர் மாமாதான். சிரிக்காதீங்க மாப்ளே, புள்ளை மூச்சு வாங்கலை என்றார். சொல்லிக்கொண்டே ராசுவைத் தொடையில் குப்புறப் போட்டுத் தலையைத் தொங்கவிட்டு முதுகில் தட்டினார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீயும் அம்மாவும் ஓடி வந்தீர்கள். நீங்கள் பார்த்தது மாமா அடித்ததை. மூன்று தட்டு தட்டியிருப்பார், நான் பிள்ளையைப் பிடுங்கினேன். என் மேல இருக்கிற கோவத்தைப் புள்ளை மேல காட்டுறீங்களா என்று ஊருக்குக் கேட்கும்படி கத்தினேன். குடுங்க மாப்ளே, இன்னும் ரெண்டு தட்டு தட்டுறேன் குடுங்க என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். கணக்குப்பிள்ளையின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ராசுவை நிமிர்த்தி மடியில் வைத்துச் சொம்பிலிருந்து வாயில் தண்ணீர் ஊற்றினேன். டயர் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

பேச்சைக் கிளப்பியது நான் இல்லை, அதுவரைக்கும் உண்மை. சங்கத்துக்காரன் சொந்தத் தங்கச்சி புள்ளையையே அடிச்சுக் கொன்னுட்டான், இவன்தான் உங்களுக்குக் கூலி வாங்கித் தரப்போறானா என்று மிராசுதார் ஆட்கள் களத்துக்குக் களம் போய்ச் சொன்னார்கள். நம்பினவர்களும் உண்டு, நம்பாமல் பின்வாங்கினவர்களும் உண்டு. அந்த வருஷம் அரைப்படி கிடைக்கவில்லை. மாமா நல்லது கெட்டதுக்கு வந்தால் ஜனம் எழுந்து போனது. ஆடியில் குடும்பத்தோடு பூதலூர் போய்விட்டார். என்னிடம் ஒவ்வொருவரும் வந்து, பஞ்சநதம், உன் மச்சான் அடிச்சதாலேதானே என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொன்னதே இல்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவேன், அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். உதடு நிறம் மாறியது அடிக்கு முன்னாலா பின்னாலா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. மிராசுதார் என் நிலத்தைப் பிடுங்கவில்லை. பிறகு குத்தகைக்காரர் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவு செய்தபோது என் பெயரும் ஏறியது, அதற்காகக் கொடி பிடித்தவர்களில் மாமாவும் ஒருத்தர். அந்த நிலத்து நெல்லில்தான் நீ படித்தாய், உனக்குக் கல்யாணம் செய்தேன். அதற்கு அவருக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் அம்மா காப்பரிசிக்கு அரிசி களைந்து வைத்தாள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நர்சம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள், உதடு கறுத்தது எங்கண்ணன் அடிச்சதுக்கு முன்னாடியா பின்னாடியா என்று. முன்னாடி என்றேன். களைந்த அரிசியைக் கொல்லையில் காக்கைக்குக் கொட்டினாள், புடவை மாற்றிக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். என் பின்னாடி வராதீங்க என்றாள், திரும்பாமல்.

எட்டு நாள் கழித்து நானும் பூதலூர் போனேன். ரயிலடிக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் மாமா டீக்கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. வாங்க மாப்ளே, டீ சாப்பிடுங்க என்று வேற்றாளுக்குச் சொல்வது மாதிரி சொல்லி டம்ளரை வைத்தார். கடையில் ஆள் குறையும் வரை நான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய பேத்தி, நடை பழகுகிற பிள்ளை, அவர் காலைக் கட்டிக்கொண்டு தூக்கு தூக்கு என்றது. அவர் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாட்டிகிட்டே போ கண்ணு, தாத்தாவுக்குக் கை கனம் என்றார். அவர் எந்தக் குழந்தையையும் தூக்குவதில்லை என்று உன் அம்மா அப்புறம் சொன்னாள். ஊர் சொன்னதை அவரும் நம்பிவிட்டார் மங்களா. தான்தான் கொன்றுவிட்டோம் என்று பதினேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறந்த கன்று மூச்சு விடலைன்னா தலைகீழாப் புடிச்சுத் தட்டுவோம்ல, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு மாப்ளே, பச்சைப் புள்ளைன்னு தோணலை என்றார். அந்த நர்சம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். அப்போ நான் தட்டினது சரிதானா என்றார். சரிதான் மச்சான் என்றேன். அப்போ இன்னும் ரெண்டு தட்டு தட்டியிருந்தா என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வருமே, அன்றைக்கு வரவில்லை. ராஜாத்தி அத்தை உள்ளேயிருந்து வந்து, இத்தனை வருசம் கழிச்சு வந்து சொல்றீங்களே, உங்க நெஞ்சு லேசாகணும்னுதானே, இந்த மனுசன் நெஞ்சை இனிமே யார் வந்து லேசாக்குறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உன் அம்மா சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. என்னோடு வரவும் இல்லை. எப்போது வருவாள் என்று நான் கேட்கவும் இல்லை.

இனி பேரனைப் பற்றி. வருகிறவர்களுக்குக் காப்பரிசி கொடு, பெரியவர்கள் மென்று தின்னட்டும், அவன் வாயில் மட்டும் போடக் கூடாது. காப்பரிசி என்று இல்லை, அழுகிற நேரத்தில் வாழைப்பழம்கூட வேண்டாம், சர்க்கரை உருண்டையும் வேண்டாம், ஊசி குத்தினால் அழட்டும், அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். அழுகை ஓய்ந்ததும் நீ பால் கொடு. உன் மாமியார் சாங்கியம் என்பார்கள், தட்டை நீட்டுவார்கள், மரியாதைக்காக அவன் வாயைத் திறந்துவிடாதே. எங்க அப்பா ஒரு கிறுக்கு, சத்தியம் வாங்கிட்டார் என்று பழியை என் மேல் போடு, இந்தப் பழியைச் சுமக்க எனக்கு ஆசை. நிலக்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு இதெல்லாம் இன்னும் மூன்று நான்கு வருஷத்துக்கு அவன் கைக்கு எட்டக் கூடாது. கம்மல் திருகாணியைத் தினமும் தொட்டுப் பார், கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும். சட்டைப் பித்தான், பத்துப் பைசா, வெடித்த பலூன் துண்டு என்று தரையில் கிடப்பதை நீயும் ஒரு தடவை தவழ்ந்து பார்த்தால்தான் தெரியும், மாப்பிள்ளையையும் தவழச் சொல், ஸ்டீல் பிளாண்ட் ஆபீசர் தவழ்ந்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார். சாப்பாடு கொடுக்கும்போது உட்காரவைத்துக் கொடு, ஓடவிட்டுக் கொடுக்காதே, சிரிக்கவைத்துக் கொடுக்காதே. இதை யார் சொல்வது பார்.

அப்படியும் ஏதாவது சிக்கிவிட்டால், சத்தமாக இருமினால் இருமவிடு, இருமலே வெளியே தள்ளும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். சத்தமே வராமல், அழவும் முடியாமல், உதடு நிறம் மாறினால் ஒரு நொடியும் யோசிக்காதே. உச்சியில் தட்டாதே, தண்ணீர் ஊற்றாதே, கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடாதே, இன்னும் உள்ளே போகும். முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, நான் மேலே எழுதினபடி தோள்பட்டைகளுக்கு நடுவில் பலமாக ஐந்து தட்டு. வரவில்லையா, தலையைத் தாங்கி மல்லாக்கத் திருப்பு, அப்போதும் தலை தாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு மார்க்காம்புக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் இரண்டு விரலை வைத்து ஐந்து முறை அமுக்கு. வயிற்றை அமுக்கக் கூடாது. மறுபடி முதுகு, மறுபடி நெஞ்சு, சிக்கியது வெளியே வரும் வரை, அல்லது அவன் அழும் வரை. நீ தட்டும்போதே மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும், வண்டியில் போகும்போதும் நிறுத்தக் கூடாது. வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். துவண்டு போனால் வாயில் காற்று ஊதுவதும் நெஞ்சை அமுக்குவதும் இருக்கிறதாம், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முறையே வேறாம், அதெல்லாம் கடிதத்தில் படித்து வருகிற வித்தை இல்லை, உங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் கேட்டு, மாசிக்குள் இரண்டு பேரும் கையால் செய்து கற்றுக்கொள்ளுங்கள். நான் மறுபடி ரசியா பேகத்திடம் போனேன். ஒருநாள் பூராவும் தட்டிப் பழகினேன், காத்தாயி முதற்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள். அப்போது கேட்டேன், அன்றைக்கு மாமாவைத் தட்ட விட்டிருந்தால் ராசு பிழைத்திருப்பானா என்று. தெரியாது பெரியவரே, பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும் என்றார்கள். பொய் சொல்லாத பெண்.

மடிக்கு வருகிறேன். பேரன் மாமா மடியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை, ஆனால் ஆசைப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் அதை உன்னிடமே விடுகிறேன். பிலாய்க்கு வருவீங்களா மச்சான் என்று கேட்டேன். மங்களா தன் கையாலே எழுதிக் கூப்பிட்டா வரேன், அது கூப்பிடாம அது பிள்ளையை நான் தொட மாட்டேன் என்றார். விலாசம் வேறு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். காதுகுத்துக்குக் கூப்பிட மனம் வராவிட்டாலும் ஒரு கார்டாவது போடு, நீங்கள் செய்தது சரி என்று மட்டும் எழுது. நான் சொன்னது அவருக்குப் போதவில்லை, பிடுங்கினவன் சொல்வதை எப்படி நம்புவார். அன்று கொல்லையிலிருந்து ஓடிவந்து பார்த்தவள் நீ, நீ சொன்னால் ஒருவேளை அந்தக் கையைப் பிரிப்பார். என் மேல் உனக்கு வருகிற கோபம் எவ்வளவு நாள் இருக்குமோ இருக்கட்டும், அதை அவசரப்பட்டு ஆற்றிக்கொள்ளாதே. எனக்குப் பதில் போடாவிட்டாலும் அவருக்கு முதலில் போடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒரு குறையும் வராமல், அவன் காது இரண்டிலும் கம்மல் மின்ன, தொண்டை நிறைய அழுது, நெஞ்சு நிறைய மூச்சு விட்டு வளரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஞாபகம் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கற்றுக்கொள்வது மாசி பத்துக்கு முன்னால், பின்னால் இல்லை.

இப்படிக்கு,
உனக்கும் ராசுவுக்கும் அப்பா,
பஞ்சநதம்.